நீள இரவுப் பூக்கள்: யன்னலோரக் குறிப்புகள்

ரொறன்ரோவில் டிசம்பர் 21ஆம் திகதி சூரியன் காலை 7.48க்கு எழும்பி, மாலை 4.43க்கு மறைந்துவிடும். ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்த பகல். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும். உச்சிப் பொழுதில் சூரியன் அங்கே 57 பாகை உயரத்தில் நிற்கும். இங்கே 23 பாகையைத் தாண்டாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் பூச்செடி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். செடிக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

தாழ்ந்த சூரியனால் ஒரு நன்மையும் உண்டு. கோடையில் தெற்கு யன்னலின் ஓரத்தோடு நின்றுவிடும் வெயில், டிசம்பரில் சரிந்து வந்து அறையின் நடுவரைக்கும் விழும். தெற்கு யன்னல் வாய்த்தவர்கள் அதற்கு முன்னால் கதிரை போடாமல் செடி வைக்கலாம்.

*

இரவு பகலின் நீளத்துக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது ஒரு புகையிலைச் செடியால். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இது கேட்கச் சந்தோஷமான சங்கதி. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர், ‘மேரிலண்ட் மாமத்’ என்ற புகையிலை இனம் கோடை முழுதும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காமல் நிற்பதைக் கவனித்தார்கள். அதே இனம் குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வேறு காரணங்களை விலக்கிவிட்டுக் கடைசியில், கோடைச் செடிகளைப் பின்னேரமே இருட்டுக் கொட்டிலுக்குள் தள்ளிக் காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்துவிட்டது. 1920இல் அதை எழுதி வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னர், பொனர் என்ற வேறு இருவர் இன்னும் ஒரு படி போய், இப்படி இரவு நீளும்போது பூக்கும் செடிகள் அளந்து பார்ப்பது உண்மையில் இரவின் நீளத்தை என்று காட்டினார்கள். நடு இரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டாலே அளவு குழம்பிப் பூ நின்றுவிடும்.

என் முடிவுக்கு இதுதான் அடிப்படை. குளிர்காலத்துக்கு நிறம் வேண்டுமென்றால் இரவு நீளும்போது, அல்லது குளிர் இறங்கும்போது, தானாகவே மொட்டுக் கட்டும் செடிகளைத் தேடி வாங்க வேண்டும். வெயிலுக்குப் பூக்கிறதை வற்புறுத்திப் பூக்க வைக்கப் போகக் கூடாது.

*

ஸ்காபரோவில் புரட்டாதி முடியும்போது பல்கனிகளிலிருந்து செடிகள் உள்ளே குடியேறத் தொடங்கும். கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, செவ்வரத்தை. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முன் எல்லாம் யன்னலடிக்கு வந்துவிட வேண்டும். வந்த பிறகு கேள்விகள் தொடங்கும். எங்கள் மாடியில் இருக்கும் அன்ரி ஒருவர் லிஃப்டுக்குள் கேட்டார்.

“தம்பி, சமர் முழுக்கப் பூத்த மல்லிகை. இப்ப ஒரு மொட்டும் இல்லை. உரம் போட்டுப் பாக்கட்டோ?”

“வேண்டாம் அன்ரி. அது நித்திரை கொள்ளுற நேரம். தண்ணியையும் குறையுங்கோ.”

“அப்ப சாமிக்கு வைக்கப் பூவுக்கு என்ன செய்யிறது?”

நல்ல கேள்வி. கீழே வருகிறேன்.

மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். தளிர் விட அதற்குச் சூடும் கடும் வெயிலும் வேண்டும். இருட்டு மாதங்களில் உரம் போட்டால் வெளிறிய, நீண்ட, பலமில்லாத கொடிதான் வரும். அதன்மேல் செஞ்சிலந்திப் பேன் ஏறும். ஹீற்றர் காற்றின் வரட்சி அந்தப் பேனுக்கு நன்றாகப் பிடிக்கும். கிழமைக்கு ஒருமுறை குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கம் நனைய ஷவரைப் பிடித்தால் போதும். பெப்ரவரி முடிவில் மூன்றிலொரு பங்கு வெட்டிவிட்டு, தளிர் தெரிந்த பிறகு உரத்தைத் தொடங்கலாம்.

செவ்வரத்தை கொஞ்சம் தாராளமானது. தெற்கு யன்னலில் வைத்தால் ஜனவரியிலும் ஒன்றிரண்டு பூ தரும். ஆனால் இலை பழுத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது.

*

பொயின்செற்றியா. நவம்பர் பாதியிலிருந்து கடை வாசல் எங்கும் சிவப்பாக நிற்பது. மெக்சிக்கோக்காரி. அங்கே இது சாடிச் செடியல்ல, மலைச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்கிற புதர் மரம். மெக்சிக்கோவுக்கு அமெரிக்காவின் முதல் தூதுவராகப் போன ஜோயல் பொயின்செற் தாவரங்களில் பித்துள்ளவர். 1820களின் பிற்பகுதியில் இதைத் தென் கரோலைனாவில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவர் இறந்த டிசம்பர் 12ஐ அமெரிக்காவில் இந்தச் செடியின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அஸ்ரெக் மக்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை வளர்த்து, சாயத்துக்கும் பயன்படுத்திய செடி. பெயர் மட்டும் தூதுவருக்குப் போய்விட்டது.

சிவப்பாக இருப்பவை இலைகள். பூ நடுவில் இருக்கும் மஞ்சள் குமிழ்கள்தான். வாங்கும்போது எல்லோரும் இலையின் சிவப்பைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்த மஞ்சள் குமிழை. அது இறுகி, மகரந்தம் சிந்தாமல் இருந்தால் செடி இளையது, பல கிழமை நிற்கும். குமிழ்கள் உதிர்ந்து நடு வெறிச்சென்று கிடந்தால், இலை எவ்வளவு சிவந்திருந்தாலும் விட்டுவிட்டு அடுத்த சாடியைப் பார்க்க வேண்டும். நடுவை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தால் இரண்டும் உடனே தெரிந்துவிடும். சில குமிழ்களின் விளிம்பில் தேன் ஒரு துளியாகத் திரண்டு நிற்கும். அந்தச் செடியை எடுத்துக்கொண்டு வரலாம்.

இன்னொரு விசயம் எனக்குப் படிக்கும்போதெல்லாம் வியப்பைத் தருவது. காட்டுப் பொயின்செற்றியா நெட்டையாக, கிளை குறைந்து வளரும். கடையில் விற்பது குட்டையாக, நிறையக் கிளைவிட்டு, உருண்டையாக இருக்கும். அதைச் செய்வது ஃபைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். ஒட்டுப் போடும்போது ஒரு செடியிலிருந்து மற்றச் செடிக்குத் தொற்றும். கலிபோர்னியாவில் எக்கே குடும்பத்தார் ஒட்டுப் போட்டு இப்படிக் கிளைக்க வைக்கும் உத்தியைத் தங்களோடு வைத்துக்கொண்டு நெடுங்காலம் சந்தையைக் கையில் வைத்திருந்தார்கள். 1990களில் அது வெளியே வந்தது. காரணம் அந்த நுண்ணுயிர்தான் என்று 1997இல் நிறுவினார்கள். நத்தார் மேசையில் நாம் அழகென்று பார்ப்பது ஒரு தொற்றின் வடிவம். அழகு குறைந்துவிடவில்லை.

அடுத்த வருசமும் சிவக்க வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். ஒக்ரோபர் தொடக்கத்திலிருந்து எட்டுப் பத்துக் கிழமைக்கு, பின்னேரம் 5 மணிக்கு இருட்டுக்குள் வைத்துக் காலை 8 மணிக்கு எடுக்க வேண்டும். ஒருநாளும் தவறக் கூடாது. யன்னலுக்கு வெளியே எரியும் வீதி விளக்கே கணக்கைக் கெடுக்கப் போதும். கதவு மூடக்கூடிய வெற்று அலுமாரி ஒன்றும், வீட்டில் யாராவது ஒருவருக்குப் பொறுமையும் இருந்தால் செய்யத் தகுந்த வேலை. மற்றவர்கள் புதுச் செடி வாங்குவதே நல்லது. ஒன்ராறியோவின் கண்ணாடிக் கூடங்களில் இதே இருட்டுக் கணக்கைப் பார்த்துத்தான் வளர்த்து அனுப்புகிறார்கள்.

கிள்ளினால் பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்குக் கடிக்கும். சாமிக்குப் பறிக்க உதவாது. கொடிய நஞ்சு என்று பரவியிருக்கும் பேச்சு உண்மையில்லை.

*

சாடியைச் சுற்றிய மினுங்கல் தாளை வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். அல்லது அடியில் ஓட்டை போட வேண்டும். குளிர்காலத்தில் வாங்கிய செடிகள் தாகத்தால் சாவது குறைவு. பெரும்பாலும் அந்தத் தாளுக்குள் தேங்கிய தண்ணீரில் வேர் அழுகித்தான் போகின்றன.

*

கிறிஸ்மஸ் கள்ளி. பெயரில் கள்ளி இருப்பதால் தண்ணீரே ஊற்றாமல் காய விடுகிறார்கள். இது பாலைவனத்துச் செடியே இல்லை. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவுக்குப் பின்னாலுள்ள மலைகளில், முகில் தொடும் காடுகளில், மரக் கொப்புகளிலும் பாசி படர்ந்த பாறைகளிலும் தொற்றி வளர்வது. வேருக்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். மண்ணின் மேற்பரப்புக் காய்ந்ததும் ஊற்றினால் சரி.

தண்டின் ஓரங்கள் கூரிய பல்லுப் பல்லாக இருந்தால் நவம்பரில் பூக்கும் இனம். வளைவாக, மழுங்கலாக இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பக்லி என்ற தோட்டக்காரர் கலந்து உண்டாக்கிய கலப்பினம். நத்தாரை ஒட்டிப் பூக்கும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பல்லுள்ளது. மழுங்கலானது பழைய கனடியக் குடும்பங்களில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும். ஒரு துண்டு முறித்து மண்ணில் குத்தினால் வேர்விடும் என்பதால் கேட்டால் தருவார்கள். இரண்டிலும் எனக்கு மழுங்கலானதுதான் பிடித்தது; பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும் விதம் நேர்த்தியானது.

பிரேசிலில் இது பூப்பது மே மாதத்தில். அங்கே இதற்கு மே மலர் என்றே பெயர். தெற்குக் கோளத்தில் இரவு நீளுவது அப்போதுதானே. கப்பலேறி வடக்கே வந்த செடி நாட்காட்டியை மாற்றிக்கொண்டுவிட்டது.

புரட்டாதி ஐப்பசியில், இரவில் விளக்குப் போடாத குளிர்ந்த அறையில் விட்டால் நுனிகளில் கடுகளவு சிவப்புத் தெரியும். அதன்பிறகு சாடியைத் திருப்பக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, மண்ணை முற்றாகக் காய விடக் கூடாது. மொட்டை உதிர்ப்பதில் இதற்கு நிகர் வேறு செடி இல்லை.

*

அறையின் வெப்பம். யன்னலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி ஆட்கள் பேசுவதில்லை. அடுக்குமாடி வீடுகளில் பலருக்கு ஹீற்றர் தங்கள் கையில் இல்லை; உள்ளே 23, 24 பாகை. அந்தச் சூட்டில் சைக்கிளமன் ஒரு கிழமையில் மஞ்சளாகித் தொங்கிவிடும். பார்த்ததும் மயக்கும் செடி அது. பின்னோக்கி மடிந்த இதழ்கள், வெள்ளிக் கோலமிட்ட இலைகள். ஆனால் லெபனான், சிரியா, துருக்கி மலைகளில் மழை பெய்யும் குளிர்காலத்தில் வளர்ந்து, வரண்ட கோடையில் கிழங்காக மண்ணுக்குள் உறங்குவது. மல்லிகைக்கு நேரெதிர். பகலில் 16, 17 பாகையும் இரவில் அதைவிடக் குறைவும் அதற்கு வேண்டும். சூடேற்றாத முன்வாசல் கண்ணாடி அறையோ, பேஸ்மன்ட் யன்னலோ உள்ளவர்களுக்குத்தான் இது. அவர்களுக்கு மாசி பங்குனி வரைக்கும் பூக்கும். கிழங்கின் தலையில் தண்ணீர் படாமல் ஓரமாக ஊற்ற வேண்டும். வாடிய பூவைக் கத்தரிக்காமல் காம்பைத் திருகி அடியோடு இழுத்து எடுக்க வேண்டும். மிச்சம் விட்டால் அழுகல் கிழங்குக்குள் இறங்கும்.

வாங்கும்போது இலைகளைத் தூக்கிப் பார்க்கலாம். அடியில் கூம்பு கூம்பாகச் சின்ன மொட்டுகள் நெருங்கியிருந்தால் எடுக்கலாம்.

*

இப்போது அன்ரியின் கேள்விக்கு. நாள்தோறும் சாமிக்கு ஒன்றிரண்டு பூவாவது வேண்டும், கையால் பறித்ததாக இருக்க வேண்டும் என்றால் என் தெரிவு ஆபிரிக்கன் வயலற். இது இரவை அளக்கிற செடியில்லை. போதிய வெளிச்சம் கிடைத்தால் வருசம் முழுதும் பூக்கும். 18 முதல் 24 பாகை வரை, அதாவது அடுக்குமாடியின் அதே வெப்பம், அதற்கு ஒத்துவரும். கிழக்கு யன்னலே போதும். யன்னல் சரியில்லை என்றால் செடிக்கு ஓரடி மேலே ஒரு எல்ஈடி விளக்கைக் கட்டி, பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் எரிய விட்டால் போதும். புத்தக அலுமாரியின் ஒரு தட்டையே பூந்தோட்டமாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இன்றைய தன்சானியாவின் உசம்பரா மலைகளில் 1892இல் வால்டர் வொன் செயின்ற் போல் என்ற ஜேர்மன் அதிகாரி இதைக் கண்டு வீட்டாருக்கு விதை அனுப்பினார். மலைக்காட்டின் நிழலில், பாறை இடுக்கில் வளர்ந்த செடி. அதனால்தான் நம் வீடுகளின் அரை வெளிச்சம் அதற்குப் பழக்கமானது.

இலையை ஒருமுறை கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு முழுக்க நுண்ணிய மயிர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக மினுங்கும். குழாயிலிருந்து வரும் குளிர் தண்ணீர் அதில் பட்டால், அடியிலுள்ள கலங்கள் அதிர்ந்து செத்து, வளைய வளையமாக வெளிறிய தழும்பு விழும். அது மாறவே மாறாது. அறை வெப்பத்துக்கு வந்த தண்ணீரைத் தட்டில் ஊற்றிச் செடியை அரை மணி நேரம் குடிக்க விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவதே சரி. இலையைக் காம்போடு கிள்ளி ஈரமண்ணில் நட்டால், ஓரிரு மாதத்தில் அடியில் குட்டிகள் முளைக்கும். ஒரு வீட்டிலிருந்து ஒரு மாடி முழுக்கப் பரப்பலாம். அன்ரிக்கு நான் கொடுத்ததும் ஒரு இலைதான்.

*

கலங்கோ: மடகஸ்கார். 1930களில் ரொபேட் புளொஸ்ஃபெல்ட் என்ற ஜேர்மன் விதை வியாபாரி ஐரோப்பாவில் பரப்பினார். நம் ரணகள்ளியின் உறவு. விலை குறைவு, ஒன்றரை மாதம் பூத்து நிற்கும், தண்ணீரை மறந்தாலும் கோபிக்காது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள். சின்னப் பூங்கொத்துச் சாமிப் படத்துக்கு அளவாக இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

*

வடக்கு யன்னல் மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு செடி உண்டு. கிளைவியா. தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரைக் காடுகளில், மரங்களின் நிழலில் வளர்வது. பட்டி போல நீண்ட கரும்பச்சை இலைகள் இரண்டு பக்கமும் விசிறியாக அடுக்கி நிற்கும். பெப்ரவரி, மார்ச்சில் அவற்றின் நடுவிலிருந்து தடித்த தண்டொன்று எழும்பி, உச்சியில் செம்மஞ்சள் பூக்கள் பத்துப் பதினைந்து ஒன்றாக விரியும். வெளியே அழுக்கு உறைபனி குவிந்து கிடக்கும் மாதத்தில் அந்தச் செம்மஞ்சளுக்கு ஈடு எதுவுமில்லை.

நவம்பர் தொடங்கி ஆறு எட்டுக் கிழமை அதைக் குளிரில், 10 பாகையை ஒட்டிய இடத்தில், அநேகமாகத் தண்ணீர் இல்லாமல் விட வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் பூக்காது, அல்லது தண்டு நீளாமல் இலைகளுக்குள்ளேயே சிக்கிப் பூக்கும். பழைய வீடுகளின் பேஸ்மன்ட் இதற்கு அளவான இடம். வேர் சாடிக்குள் நெருங்கியிருந்தால்தான் அதற்கு விருப்பம். அடிக்கடி சாடி மாற்றக் கூடாது. விலை கூட. ஆனால் முப்பது நாற்பது வருசம் வாழும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் செடியின் கதையில் ஒரு நெருக்கம் உண்டு. 1828இல் ஜோன் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் நோர்தம்பர்லாந்து கோமகள் ஷார்லொற்றின் பிறந்த வீட்டுப் பெயரை இதற்கு இட்டார். இங்கிலாந்தில் இது முதலில் பூத்தது அவருடைய ஸையோன் மாளிகையில். ஷார்லொற், ஆற்காட்டு முற்றுகையை எதிர்த்து நின்ற ரொபேட் கிளைவின் பேத்தி. அவர் தந்தை எட்வேர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் ஆளுநர். சிறுமி ஷார்லொற் அம்மாவோடும் அக்காவோடும் மதராசில் வாழ்ந்தாள். 1800இல் மூவரும் மைசூர், தஞ்சாவூர் என்று தென்னிந்தியாவில் நீண்ட பயணம் போனார்கள். அவள் நாட்குறிப்பும் எழுதினாள். பிற்காலத்தில் விக்ரோறியா இளவரசிக்கு ஆசிரியையாக இருந்தவர். மதராஸ் மல்லிகையை நுகர்ந்திருக்கக்கூடிய ஒருவரின் குடும்பப் பெயர் தென்னாபிரிக்கச் செடியொன்றுக்குப் போய், அது இன்று ஸ்காபரோ வீடொன்றில் பூக்கிறது. கிளைவ் என்ற பெயரை நான் சந்தோஷமாகச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

*

அமரிலிஸ். குமிழாக வாங்க வேண்டும், பெட்டிக்குள் முளைவிட்டு வெளிறிக் கிடப்பதை எடுக்கக் கூடாது. குமிழின் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எழுதியிருப்பார்கள். 34/36 என்றால் இரண்டு, சில வேளை மூன்று தண்டு. தண்டுக்கு நாலு பூ. 26/28 என்றால் பெரும்பாலும் ஒரு தண்டு. காசைக் குமிழின் அளவில் போட வேண்டும், பெட்டியின் படத்தில் போடக் கூடாது. குமிழைவிட இரண்டு விரல் மட்டும் அகலமான கனத்த சாடி, குமிழின் மேற்பகுதி மண்ணுக்கு வெளியே. நட்டு ஆறு எட்டுக் கிழமையில் பூக்கும். ஆகவே நவம்பர் முதல் கிழமை ஒன்றும், மூன்று கிழமை விட்டு இன்னொன்றும், மறுபடி ஒன்றும் நட்டால் நத்தார், தைப்பொங்கல் இரண்டுக்கும் பூ இருக்கும். தைப்பொங்கலன்று யன்னலோரத்தில் ஒரு சிவப்பு அமரிலிஸ் விரிந்திருப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். வெளியே -15 பாகையாக இருந்தாலும் பொங்கல் பொங்கலாகத் தெரியும்.

வெளிச்சப் பக்கம் சாயும். நாளுக்குக் கால்வாசி திருப்பிவிட வேண்டும். பூ முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டி, இலையை வளர விட வேண்டும். அடுத்த வருசப் பூ அந்த இலைகளில்தான் தயாராகிறது.

*

பேப்பர்வைற் நார்சிசஸ் நிறத்துக்காக வைப்பதில்லை, வாசத்துக்காக. கூழாங்கல்லும் தண்ணீரும் இருந்தால் போதும். நாலைந்து கிழமையில் பூத்துவிடும். சிலர் அந்த வாசம் தலையிடி என்று அறையை விட்டே வெளியேற்றுவார்கள். காரணம் இண்டோல் என்ற பொருள். அதே இண்டோல் நம் குண்டுமல்லியின் வாசத்திலும் உண்டு. அதனால்தானோ என்னவோ, மல்லிகையோடு வளர்ந்தவர்கள் இதைச் சகித்துக்கொள்வதைவிடவும் விரும்புவதையே பார்த்திருக்கிறேன்.

தண்டு நீண்டு சரிந்து விழும் என்பதுதான் இதன் குறை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லர் குழுவினர் 2006இல் வெளியிட்ட வழி எளிது. தளிர் ஓரிரு அங்குலம் வந்ததும், தண்ணீருக்குப் பதில் நாலு முதல் ஆறு வீத மதுசாரம் கலந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். 40 வீத வொட்கா என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர். தண்டு மூன்றிலொரு பங்காவது குட்டையாகும், பூ அப்படியே இருக்கும். பியரும் வைனும் கூடாது, சீனி வேரைக் கெடுக்கும்.

ஹயசிந்த் குமிழைக் குளிர்சாதனப் பெட்டியில் பன்னிரண்டு கிழமை குளிரூட்டுகிறவர்கள் அப்பிள் இருக்கும் தட்டில் வைக்கக் கூடாது. அப்பிள் வெளிவிடும் எதிலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

*

ஓர்க்கிட். பட்டாம்பூச்சி வடிவில் பூக்கும் பலனொப்சிஸ் வகையைச் சொல்கிறேன். ஒரே தண்டு இரண்டு மூன்று மாதம் பூத்து நிற்கும்; கணக்குப் பார்த்தால் வெட்டிய பூவைவிட மிக மலிவு. இலையுதிர் காலத்தில் யன்னலோரத்து இரவுகள் 17, 18 பாகைக்கு இறங்கும்போது பூந்தண்டு கிளம்பும். அதனால் ஒக்ரோபரில் அதை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் இலை மட்டும்தான் மிஞ்சும். தண்ணீர் தேவையா என்று வேரைப் பார்த்தால் தெரியும். வெள்ளி நிறம் என்றால் தேவை. நனைந்ததும் கண்முன்னே பச்சையாகும். ஐஸ்கட்டி வைத்துத் தண்ணீர் விடுவதைப் பலர் பழிப்பார்கள். ஓஹையோ, ஜோர்ஜியா பல்கலைக்கழகங்கள் 2017இல் சோதித்து, அதனால் பூ நிற்கும் காலம் குறையவில்லை என்று கண்டன. ஆனாலும் நான் இளஞ்சூட்டுத் தண்ணீரைத்தான் ஊற்றுவேன்.

*

நிறத்தைப் பற்றி. வெளியே வெள்ளைப் பனி கிடக்கும்போது யன்னல் கண்ணாடிக்கு முன் வெள்ளைப் பூ வைத்தால் காணாமல் போய்விடும். யன்னலுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும். வெள்ளை ஓர்க்கிட்டைப் பூத்த பிறகு அறையின் உள்பக்கம், மேசை விளக்கின் அருகில் வைத்தால் இரவு நேரத்தில் அதன் அழகு தெரியும். ஊதா வயலற் பகல் வெளிச்சத்தில்தான் ஊதா. மஞ்சள் விளக்கில் மங்கிவிடும்.

*

கடையிலிருந்து வாகனம் வரைக்கும் உள்ள தூரம்தான் இந்தச் செடிகளின் பெரிய ஆபத்து. வெளியே -10 என்றால் சில நிமிடத்திலேயே இலை கருகிவிடும். அது அன்றைக்குத் தெரியாது, நாலு நாள் கழித்துத் தெரியும். தாளாலும் பையாலும் தலைவரை மூடி, வாகனத்தைச் சூடாக்கிவிட்டு, நேரே வீட்டுக்குப் போக வேண்டும். செடி வாங்குவது கடைசிக் கடையாக இருக்கட்டும்.

வீட்டில் பூனை இருந்தால் அமரிலிஸ், பேப்பர்வைற் குமிழ்களையும் சைக்கிளமன் கிழங்கையும் கலங்கோவையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வயலற், ஓர்க்கிட், கிறிஸ்மஸ் கள்ளி மூன்றும் பயமில்லாதவை.

*

பணம் செலவழிக்காமல் பார்க்க விரும்பினால் நகரின் நடுவில் அலன் கார்டன்ஸ் இருக்கிறது. அதன் பெரிய பனைக் கூடம் 1910இல் கட்டியது. அனுமதி இலவசம். டிசம்பரில் குளிர்காலப் பூக்களுக்கென்று தனிக் கண்காட்சி வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர்களை, குறிப்பாக முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டு முகம் வாடியிருக்கும் வயதானவர்களை, அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். கதவைத் திறந்ததும் முகத்தில் படும் ஈரமான சூட்டுக்கே அவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

*

கனகாம்பரத்தை இங்கே சாடிச் செடியாக விற்கிறார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த மண். ஆனால் அது கோடைக்காரி. ஈரக்காற்று வேண்டும், ஹீற்றர் அறையில் இலை சுருளும். வாங்குவதென்றால் வைகாசியில் வாங்கலாம்.

*

குளிர்காலத்தில் மல்லிகை வாசம்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு ஜனவரி கடைசியில் ஒரு வழி திறக்கும். சீனாவையும் பர்மாவையும் சேர்ந்த ஜாஸ்மினம் பொலியாந்தம் என்ற கொடி. கம்பி வளையத்தில் சுற்றிச் சாடியில் விற்பார்கள். இதற்குப் பூக்க இலையுதிர் காலத்துக் குளிர் இரவுகள் வேண்டும், அதைத் தோட்டக்காரர்கள் முன்பே கொடுத்திருப்பார்கள். மொட்டுக்கு வெளியே இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. நம் ஊர் மல்லிகையின் அதே வாசம் என்று சொல்ல மாட்டேன். இது மெல்லியது, பிச்சியின் பக்கம் சாய்வது. சரம் தொடுக்கவும் பூ மிகச் சிறிது. முழுக்க விரிந்ததை எடுக்கக் கூடாது. மொட்டெல்லாம் சிவந்து, ஓரிரண்டு மட்டும் திறந்திருக்கும் சாடியைப் பார்த்து எடுத்து, வீட்டில் ஆகக் குளிர்ந்த வெளிச்சமான அறையில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று கிழமையாவது பூக்கும். சூடான வரவேற்பறையில் வைத்தால் சில நாளிலேயே மொட்டுகள் பழுப்பாகிவிடும்.